விடுவிப்பு நாள்

அலுவலகத்தில் அவளுக்குத் தேதியம்மா என்று பெயர். ஏழு நீரேற்று நிலையங்களில் ஆட்கள் கைச்சக்கரம் சுழற்றித் திறந்தும் மூடியும் வந்த வால்வுகளைக் கணினி வழியே இயங்கச் செய்யும் பெரும்பணி ஒன்றை அந்நிறுவனம் ஏற்றிருந்தது. அப்பணியின் அட்டவணை அவள் பொறுப்பில் இருந்தது. எந்த வேலை எப்போது தொடங்கும், எது முடிந்த பின் எது தொடங்கலாம், யார் எங்கே எத்தனை நாள் இருப்பார் என்பனவற்றை அறுநூற்று நாற்பது வரிகளாக எழுதி, வரிக்கு வரி கோடிழுத்து இணைத்து வைத்திருந்தாள். ஒரு வரியில் ஒரு நாள் கூடினால் அதனோடு கோட்டால் கட்டுண்ட வரிகள் யாவும் ஒரு நாள் பின்னுக்குப் போகும். அவற்றை எவரும் தள்ள வேண்டியதில்லை, தாமே நகரும்.

அந்த அறுநூற்று நாற்பதில் ஒரு வரி அவளுடைய கணவரைப் பற்றியது. 'ஏழாம் நிலையம்: பேனல் பொறியாளர் விடுவிப்பு' என்பது அதன் பெயர். வால்வுகளுக்குக் கட்டளையிடும் பேனல் பெட்டிகளைப் பொருத்தி, ஆட்களைப் பழக்கிவிட்டு நான்கு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர் அவர். பதினோரு மாதங்கள் ஆகிவிட்டன. ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருந்தது ஏழாம் நிலையம். முதலில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். உடன் இருந்த இன்னொரு பேனல் பொறியாளர் வேலையை விட்டுப் போனபின், கடந்த நான்கு மாதங்களாக அதுவும் நின்றுபோயிற்று. விடுவிப்பு நாள் இதுவரை ஏழு முறை நகர்ந்திருந்தது. ஏழு முறையும் அவள் கண்முன்னேயே, அவள் எண்களை நிரப்பிய மறுகணமே நகர்ந்தது.

ஒவ்வொரு வியாழனும் நண்பகலில் நிலையங்களிலிருந்து வார அறிக்கைகள் வந்துசேரும். அவற்றின் வலப்பக்க ஓரத்தில் 'குறிப்பு' என்றொரு பத்தி உண்டு. மற்றப் பொறியாளர்கள் அதனை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அவள் கணவர் விடுவதில்லை. 'சென்சார் 14 மாற்றப்பட்டது. மழை' என்று எழுதுவார். 'மூன்றாம் வால்வு கசிவு நின்றது. காலையில் பனி' என்று எழுதுவார். சென்சார் நிறுவனத்துக்கு, மழையும் பனியும் அவளுக்கு. இதனை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. வியாழக்கிழமைகளில் அவள் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஏழாம் நிலையத்தின் குறிப்பைப் படித்துவிடுவாள்.

அந்த ஆண்டு மழை தாமதமாகத் தொடங்கி, போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவள் நனைந்த குடையுடன் நான்கு மாடி ஏறி வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தின் நடுவே ஒரு செருப்புப் பெட்டி திறந்து கிடந்தது. ஏழாம் நிலையத்திலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவரிடம் கணவர் கொடுத்தனுப்பியது. உள்ளே பள்ளிக்கு அணியும் கறுப்புக் காலணி. ஒன்பது வயது மகள் தரையில் உட்கார்ந்து அதனுள் காலை நுழைக்கப் போராடிக்கொண்டிருந்தாள்.

"போக மாட்டேங்குதும்மா. விரலை மடக்கினா போகுது."

"விரலை மடக்கிட்டு எப்படிடி நடப்ப?"

"அப்பா வர்ற அன்னைக்கு மட்டும் போட்டுக்கறேன். அன்னைக்கு நான் நடக்கவே மாட்டேன். உக்காந்தே இருக்கேன்."

அவள் காலணியின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். அளவு, சென்ற ஆண்டின் அளவு. வாங்கியவர் நினைவில் மகள் அந்த அளவிலேயே நின்றிருக்கிறாள்.

சமையலறையில் நாத்தனார் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கணவருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளியிருந்த ரொட்டி அடுமனையில் விடியற்காலை வேலை. பிற்பகலில் திரும்பும்போது புருவம்வரை மாவு படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் காதின் பின்புறத்தில் கொஞ்சம் மீதி இருக்கும். கணவன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள். தம்பி போன மறுமாதம் 'துணைக்கு' என்று பெட்டியோடு வந்து, வீட்டின் அடுப்பையும் வாயையும் தன்னுடையனவாக்கிக்கொண்டாள்.

"பாத்தியா செருப்பை?" என்றாள் நாத்தனார், திரும்பாமலே. "என் தம்பிக்கு அறிவு இல்லன்னு சொல்லாத. அவன் கண்ணுல பிள்ளை வளந்திருந்தாத்தானே அளவு தெரியும்."

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணி."

"சொல்லவும் மாட்ட. ஊருல இருக்கிற குழாய்க்கெல்லாம் தேதி வைக்கிற. கட்டின புருஷனுக்கு ஒரு தேதி வைக்கத் துப்பில்ல."

"தேதியை நான் வைக்கல அண்ணி. அது தானா வரும்."

"தானா வர்றதுக்கு அதென்ன தும்மலா?"

மகள் கூடத்திலிருந்து சிரித்தாள். பிறகு ஒரு காலில் காலணியோடு நொண்டிக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"அம்மா, கோடெல்லாம் நீங்கதானே போடுவீங்க? அப்பாவோட கோட்டை மட்டும் கொஞ்சம் குட்டையா போடுங்களேன்."

"அப்படிப் போட முடியாது கண்ணு."

"ஏன்? உங்க ஆபீஸ்ல பென்சில் பெருசா?"

அதற்கு நாத்தனாரும் சிரித்துவிட்டாள். அவளும் சிரித்தாள். முட்டையை உடைத்து வெங்காயத்தில் ஊற்றி, அன்றைய ரொட்டியில் கருகிப் போனதால் அடுமனையில் விற்காமல் விட்ட ஒன்றை வாட்டி, மூவரும் உண்டார்கள். மழை ஜன்னல் கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் உணவு இடைவேளையில் அறை காலியாக இருந்தது. அவள் ஏழாம் நிலையத்தின் வரிகளைத் திரையில் விரித்தாள். நிலையத்து ஆட்களுக்குப் பயிற்சி; அது முடிந்ததும் பதினான்கு நாள் சோதனை ஓட்டம்; அது முடிந்ததும் ஐந்து நாள் ஒப்படைப்பு; அதன் முடிவிலிருந்து ஒரு கோடு கீழிறங்கி அவர் பெயரைத் தொட்டது. அந்தக் கடைசிக் கோடு முதலில் அட்டவணையில் இருந்ததில்லை. இரண்டாம் நிலையத்தின் சோதனை ஓட்டத்தில், ஆறாம் நாள், மின்சாரம் நின்று பம்ப் ஓய்ந்தபோது மேட்டிலிருந்து திரும்பிப் பாய்ந்த நீரைத் தடுக்க வேண்டிய வால்வு, மெல்ல மூடுவதற்குப் பதிலாக அறைந்து மூடிக்கொண்டது. குழாயின் இணைப்புப் பிளந்தது. பம்ப் அறையில் இடுப்பளவு நீர் நின்றது. ஆபரேட்டர் ஒருவரின் கை முறிந்தது. பேனல் பொறியாளர் அதற்கு முந்திய நாள்தான் ஊருக்குப் போயிருந்தார். அதன்பின்தான், சோதனையும் ஒப்படைப்பும் முடியும்வரை பேனல் பொறியாளரை விடுவிக்கலாகாது என்று அவளே ஏழு நிலையங்களுக்கும் அக்கோட்டை இழுத்தாள்.

அதனை இப்போது அவள் அழித்தாள். அவர் பெயரைப் பயிற்சியின் முடிவோடு நேராகக் கட்டினாள்.

தேதி பத்தொன்பது நாள் முன்னால் வந்தது. அடுத்த வாரத்துச் சனிக்கிழமை. மணி அடிக்கவில்லை, சிவப்பு எழுத்து எதுவும் தோன்றவில்லை. தலைமை அலுவலகத் திரையிலும் சோதனை ஓட்டத்தைப் பார்க்கத்தானே போகிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆபரேட்டர்கள் நால்வரும் பயிற்சி பெற்றவர்களாயிற்றே என்று சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். உணவுப் பொட்டலத்தை அன்று பிரிக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் மேலாளரின் அறையில் கூட்டம் நடக்கும். மேலாளரைப் பணியாளர்கள் 'கிளி' என்பார்கள். மேலிடம் சொன்னதைச் சொன்னபடியே கீழே சொல்வார் என்பது ஒரு காரணம். திட்டத் தாளில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்க வேண்டும் என்று விரும்புவார் என்பது இன்னொன்று. தாமதமில்லாத நிலையத்துக்குப் பச்சை, தாமதத்துக்கு மஞ்சள், கைமீறினால் சிவப்பு என்பது அங்குள்ள நடைமுறை. ஏழாம் நிலையம் ஏழு மாதமாக மஞ்சள்.

"என்ன தேதியம்மா, ஏழாவது ஸ்டேஷன் இன்னைக்கு என்ன கலர்?"

"பச்சை சார்."

கிளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "பச்சையா? நிஜமாவா?"

"ஆமா சார்."

"எப்படின்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ சொல்லிடுவ." அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பேனல் ஆளை எப்ப விடறோம்?"

"அடுத்த சனிக்கிழமை."

"உன் வீட்டுக்காரர்தானே? பாரு, வேலையும் முடியுது, வீடும் நிறையுது. திங்கட்கிழமை லெட்டர் போட்டுடறேன்."

வீட்டில் அச்செய்தி சொல்லப்பட்ட மாலையை விவரிப்பது எளிதன்று. மகள் கத்தவில்லை. "எந்த சனிக்கிழமை?" என்று மட்டும் நான்கு முறை கேட்டாள், நான்கு முறையும் ஒரே விடை வந்ததும் போய்ப் படுக்கையில் குப்புற விழுந்து காலை உதைத்துக்கொண்டாள். நாத்தனார் தம்பிக்காக ஒழித்துவைக்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டாள்.

"அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணு. என் துணியை நான் பெட்டியிலயே வெச்சுக்கறேன். முதல் ரெண்டு நாள் அவனை எழுப்பாதீங்க. மூணாவது நாள் அந்தக் குளியலறைக் குழாயைச் சரி பண்ணச் சொல்லு. ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்தறான், வீட்டுக் குழாய் பதினோரு மாசமா ஒழுகுது."

"வந்ததும் வேலையா அண்ணி?"

"வேலை இல்லன்னா அவனுக்குக் கை நடுங்கும். உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவளுக்குத் தெரிந்த அளவு நாத்தனாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் அழைத்தார். முதலில் மகள் பேசினாள். காலணி மிகச் சரியாக இருப்பதாகப் பொய் சொன்னாள். பின்பு நாத்தனார் பேசினாள்; இளைத்திருந்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள். அலைபேசி அவளிடம் வந்ததும் அவள் துணி உலர்த்தும் பலகணிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

"லெட்டர் வந்துருச்சு" என்றார் அவர்.

"தெரியும்."

"பையெல்லாம் கட்டிட்டேன். சனிக்கிழமை காலையில முதல் பஸ். சாயந்திரம் நாலு மணிக்கெல்லாம் வந்துருவேன்." அவர் குரலில் இருந்த இளமை அவளைத் திடுக்கிட வைத்தது. "ஆனா ஒண்ணு இடிக்குது. இப்பதான் அட்டவணையைத் திறந்து பாத்தேன். ஒப்படைப்புக்கும் என் பேருக்கும் நடுவுல இருந்த கோட்டைக் காணோம்."

அவள் கொடியில் தொங்கிய ஈரத் துணியொன்றின் முனையைப் பிழிந்தாள்.

"கிளி வேலைதான். மேல காட்டப் பச்சை வேணும்னு கையை வெச்சிருக்கான். நீ நாளைக்கே போய் ஒரு சண்டை போடு. உன் பேச்சுன்னா கேப்பான். ரெண்டாவது ஸ்டேஷனை அதுக்குள்ள மறந்துட்டானா? கை முறிஞ்ச ஆளு இவனுக்கு மச்சான் இல்லையே, மறக்கத்தான் செய்வான்."

"கிளி இல்லீங்க."

"பின்ன யாரு?"

"நான்தான்."

தூறல் தகரக் கூரையொன்றில் விழும் ஓசை கேட்டது. அது அவள் பக்கத்து மழையா அவர் பக்கத்து மழையா என்று அவளுக்குத் தெளிவாகவில்லை.

"கை தெரியாம பட்டுருச்சா?"

"இல்ல. தெரிஞ்சேதான் எடுத்தேன்."

அவர் கேட்டார்: "எத்தனை நாள் வந்துச்சு?"

"பத்தொம்போது."

"பத்தொம்போது நாளா..." என்றார் அவர். பசியோடிருப்பவன் மூடிய பாத்திரத்தின் முன்னால் பேசுவது போன்ற குரல். அவர் தன்னைத் திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் அழுதுவிடலாம் என்றும் இருந்தது.

"விடு" என்றார்.

"என்னது?"

"விடு. இருக்கட்டும். கிளி பாக்கப் போறதில்ல. இங்க இருக்கிற ஆபரேட்டர் நாலு பேரும் நல்ல ஆளுங்கதான். எந்த நேரத்துல என்ன செய்யணும்னு எழுதி சுவத்துல ஒட்டிட்டு வந்துடறேன்."

"கரண்ட் போனா?"

"போனா வால்வு தானா மூடும். நாங்களே கட் பண்ணிப் பாத்தோம். மெதுவாத்தான் மூடுது."

"மெதுவா மூடலைன்னா?"

"எனக்கு போன் பண்ணுவாங்க."

"ஒம்போது மணி நேரம் தள்ளி உக்காந்துகிட்டு போன்ல என்னங்க பண்ணுவீங்க?"

"ஏய், எடுத்தது நீ. இப்ப கேள்வி கேக்கறதும் நீயா?" அவர் சிரிக்க முயன்றார். "எனக்கும் போதும்மா. இந்த அறையில என் குரலை நானே கேட்டுட்டு இருக்கேன். பிள்ளை எவ்வளவு உயரம்னுகூட எனக்குக் கையால காட்டத் தெரியல. நான் வர்றேன். நீ பேசாம இரு."

அழைப்பு முடிந்தபின்னும் அவள் பலகணியிலேயே நின்றாள். அவர்களுக்குத் திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகள். முதலாம் ஆண்டில் இருவரும் உறவினர் வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, முந்திய நாள் மாட்டிய பெட்டியொன்றில் ஒரு திருகாணியை முடுக்கினோமா இல்லையா என்ற ஐயம் அவருக்கு வந்துவிட்டது. பாதி வழியில் இறங்கி, அவளையும் இறக்கி, எதிர்ப்பேருந்து பிடித்துத் திரும்பினார். திருகாணி முடுக்கித்தான் இருந்தது. அவள் ஒரு மாதம் அதைச் சொல்லிக் கேலி செய்தாள். ஒரு வேலையைப் பற்றி அவர் 'விடு' என்று சொல்லி அவள் கேட்டது இதுவே முதல்முறை. பதினோரு மாதமாக அவள் ஏங்கியது பேருந்திலிருந்து இறங்கிய அந்த மனிதருக்காக. சனிக்கிழமை நான்கு மணிக்கு வரப்போகிறவர் அவர்தாம் என்று அவளால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவரை அப்படிச் சொல்லவைத்தது அவளுடைய விரல் என்பது மட்டும் உறுதியாக இருந்தது.

புதன்கிழமை காலை அவள் கிளியின் அறைக்குள் சென்று கதவைச் சாத்தினாள்.

"சார், ஏழாவது ஸ்டேஷன் பச்சை இல்ல."

"இன்னைக்குப் புதன்கிழமைம்மா. கலர் வெள்ளிக்கிழமைதான் மாத்துவோம்."

"விடுவிப்புக் கோட்டை நான் எடுத்துட்டேன் சார். அதனாலதான் தேதி முன்னாடி வந்துச்சு. சோதனை ஓட்டம் அப்படியேதான் இருக்கு, பாத்துக்க ஆள்தான் இல்ல."

"ஏன் எடுத்த?"

"என் வீட்டுக்காரர் வரணும்னு."

கிளி எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. எதிர்க் கட்டடத்தின் நனைந்த சுவர்.

"இதை வேற மாதிரி சொல்லக் கூடாதா? மறந்துட்டேன்னு சொல்லேன். மறதிக்கு ஒரு படிவம் இருக்கு. இதுக்குப் படிவமே இல்லம்மா."

"மறக்கல சார்."

"நானும் எப்படின்னு கேக்கல. நான் கேட்டிருக்கணும்" என்றார் அவர். சற்று நேரம் கிளி போலவே இல்லை. பின்பு மேசைக்குத் திரும்பினார். "மேல நான் பச்சைன்னு சொல்லியாச்சு. இப்ப போய் என்ன சொல்ல?"

"பத்தொம்போது நாள் மஞ்சள்னு சொல்லுங்க. நான் செஞ்சதுன்னே சொல்லுங்க."

"சொன்னா அட்டவணை உன்கிட்ட இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"இனிமே நீ பாக்கலாம். தொட முடியாது."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவருடைய கணினியிலேயே அட்டவணையைத் திறந்து, ஒப்படைப்பின் முடிவிலிருந்து கணவரின் பெயருக்குக் கோட்டை இழுத்தாள். தேதி எட்டாம் முறையாகப் பின்னுக்கு நகர்ந்தது. நண்பகலுக்குள் அவளுடைய திரையில் எல்லா வரிகளும் சாம்பல் நிறமாகிவிட்டன. அட்டவணை மூன்றாம் மாடியில் இருந்த வேறொருவருக்குப் போயிற்று. அவளுக்குக் கூட்டக் குறிப்புகள் எழுதும் வேலை தரப்பட்டது.

அன்று மாலை நாத்தனார் கையிலிருந்த மாவுத் துணியை உதறாமலே நின்றாள்.

"வர்ற ஆளை நிறுத்திட்டியா?"

"ஆமா அண்ணி."

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"இல்ல. நானே போய் சொன்னேன்."

"உனக்கென்ன, மூளையில பூரான் ஏறிடுச்சா?" என்றாள் நாத்தனார். பிறகு, தணிந்த குரலில், "கை முறிஞ்ச ஆளு நினைப்பு வந்துச்சா?" என்று கேட்டாள்.

"அதுவும் வந்துச்சு."

மகள் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ அப்பாவை வர வெச்சதும் நீங்கதான், வேண்டாம்னு சொன்னதும் நீங்கதான்" என்றாள்.

"வேண்டாம்னு சொல்லல கண்ணு. பத்தொம்போது நாள்தான்..."

"பொய்" என்றாள் மகள். "நீங்க சொல்ற நாள் எதுவும் வர்றதில்ல."

அதன்பின் மூன்று நாள் அவள் தாயோடு நேராகப் பேசவில்லை. எல்லாம் நாத்தனார் வழியாகவே நடந்தன. "அத்தை, அம்மாகிட்ட சொல்லுங்க, நாளைக்குக் கோடு போட்ட நோட்டு வேணும்." "அத்தை, அம்மாகிட்ட சொல்லுங்க, முட்டையில உப்பு ஜாஸ்தி." நாத்தனாரும் நடுவில் உட்கார்ந்து, "ஏம்மா, உப்பு ஜாஸ்தியாம்" என்று அடுத்த நாற்காலிக்குக் கொண்டுசேர்ப்பாள். நான்காம் நாள் மகளே அதில் சலித்துப்போனாள்.

கணவர் அழைத்தபோது நீண்ட பேச்சு எதுவும் இல்லை.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

"ம்" என்றார். "பையை இன்னும் பிரிக்கல."

"பிரிச்சுடுங்க. துணி கசங்கிடும்."

"நீ எடுத்தப்பகூட எனக்குக் கோவம் வரல. திரும்பப் போட்டப்பதான் வந்துச்சு" என்றார் அவர். சற்றுப் பொறுத்து, "ராத்திரி முழுக்க இருந்துச்சு. காலையில இல்ல" என்றார்.

சோதனை ஓட்டம் திங்கட்கிழமை தொடங்கியது. அவள் ஒவ்வொரு மாலையும் ஒரே கேள்வியைக் கேட்டாள். அவர் ஒரே விடையைச் சொன்னார்.

"இன்னைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

நான்கு ஆபரேட்டர்களோடு சீட்டாடித் தோற்றதைச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் விட்டதைச் சொன்னார். அந்நிலையத்தில் வாரத்துக்கு மூன்று முறையேனும் மின்சாரம் நின்றுவிடும் என்று பதினோரு மாதமாகக் குறைப்பட்டவர் அவர். இப்போது மின்சாரம் நிற்கவே இல்லை. ஐந்தாம் நாளும் நிற்கவில்லை. எட்டாம் நாளும் நிற்கவில்லை. "கரண்ட் ஆபீஸ்காரன் நம்ம மேல பாசமாயிட்டான்" என்று ஆபரேட்டர்கள் கேலி செய்தார்களாம். அறிக்கையின் குறிப்புப் பத்தியில் அவர் 'இயல்பு' என்று மட்டும் எழுதினார். இப்போது அதனை அவள் தொட முடியாத வரியாக, சாம்பல் நிறத்தில் படித்தாள்.

"ஒண்ணுமே ஆகலைன்னா அவன் அங்க எதுக்கு?" என்றாள் நாத்தனார் ஒன்பதாம் நாள், மாவு பிசைந்த தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே. அது குத்தலாக வரவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

பதினோராம் நாள் மாலை பெருங்காற்றோடு மழை அடித்து நகரம் முழுவதும் விளக்கணைந்தது. அவள் இருட்டில் தடவி அலைபேசியை எடுத்தாள். எண்ணை அழுத்தும்போது தன் நெஞ்சில் இருந்தது அச்சம் மட்டுமன்று, அங்கும் மின்சாரம் நின்றிருக்கட்டுமே என்ற ஆசையும் என்பதை அவள் அறிந்தாள், அறிந்து வெட்கினாள்.

"அங்க கரண்ட் போச்சா?"

"இல்லையே. பளபளன்னு எரியுது. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை ஒருவழியாக விலகியிருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் அழைத்தார். வழக்கமாகத் தம் அறையிலிருந்து பேசுகிறவர், அன்று முதன்முறையாகப் பம்ப் அறைக்குள்ளிருந்து பேசினார். குரலின் பின்னால் கனத்த இரைச்சல் ஒன்று நின்றது.

"முடிஞ்சுது" என்றார். "இப்பதான் கையெழுத்துப் போட்டாங்க. இன்னும் அஞ்சு நாள் பேப்பர் வேலை."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. பதினாலு நாள்ல ஒரு தடவைகூட கரண்ட் போகல. ஒரு சிவப்பு விளக்கு எரியல. இந்த நாற்காலியில உக்காந்து உக்காந்து முதுகுதான் போச்சு." அவர் இருமினார்; அல்லது சிரித்தார். "நான் அன்னைக்கே கிளம்பி வந்திருந்தாலும் இது இப்படியேதான் ஓடியிருக்கும்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கூடத்தில் ஏதோ பாடிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள். உயரமாகிவிட்டதால் முழங்கால் மேசையில் இடித்தது.

"ஆமாங்க" என்றாள் அவள். "ஓடியிருக்கும்."

"கோவமா?"

"யார் மேல?"

அவர் "கேக்கறியா?" என்று அலைபேசியைப் பம்பின் பக்கம் நீட்டினார்.

இரைச்சல் அவள் செவியை நிறைத்தது. மூன்று பம்புகள் ஒரே குரலில், இடைவெளியின்றி, நீரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேனும் ஓரிடத்தில், ஒரே ஒருமுறை, அந்த ஓசை தடுமாறாதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

தடுமாறவில்லை.

"இருக்கியா?" என்று அதனுள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"இருக்கேன்" என்றாள்.